ஒரு வாயும் நான்கு குரலும்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு அருகே விக்கன் ஃபென் என்னும் நாணல் அடர்ந்த சதுப்புநிலம் உள்ளது. அங்கே கூடுகட்டும் நாணல் கதிர்க்குருவியின் எடை ஏறக்குறைய 12 கிராம். அக்கூட்டில் ஐரோப்பியக் குயில் இட்டுச் சென்ற முட்டையிலிருந்து வரும் குஞ்சோ, சில வாரங்களில் வளர்ப்புத் தாயைவிடப் பன்மடங்கு பருத்துவிடுகிறது. (காக்கைக் கூட்டை நாடும் நம் குயில் வேறு இனம். இந்த ஐரோப்பியப் பறவையை அரபியர் அதன் கூவலைக் கொண்டே ‘வக்வாக்’ என்பர்.)

கண் திறவாப் பருவத்திலேயே அக்குஞ்சு, கூட்டிலுள்ள முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகில் ஏந்தி வெளியே தள்ளுகிறது. அம்மைத் தடுப்பால் புகழ்பெற்ற எட்வர்டு ஜென்னர் 1788இல் இதனை விவரித்துள்ளார்.

கூடு இப்போது அதற்கே உரியது. ஆயினும் அதனாலேயே ஓர் இடரும் நேர்கிறது. கதிர்க்குருவி தன் மக்களின் பசியை இரு அடையாளங்களால் அளந்தறிகிறது. ஒன்று, திறந்த வாய்களின் மொத்தப் பரப்பு. மற்றது, இரந்து கத்தும் குரலின் விரைவு. தள்ளப்பட்ட குஞ்சுகள் உயிரோடிருந்தால் நான்கு வாய்கள் திறந்திருக்கும். குயிற்குஞ்சுக்கு இருப்பதோ ஒரே வாய். வளர்ந்த நிலையில் அது நான்கிற்கு ஈடாவதில்லை. இக்குறையைக் குரல் நிரப்புகிறது. கூடு நிறைந்த குஞ்சுகள் ஒருசேரக் கத்துவது போல அது விடாது ஒலிக்கிறது.

நிக் டேவிஸ், ரெபெக்கா கில்னர் முதலியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதி செய்தது. குயிற்குஞ்சின் பருமனுள்ள வேறொரு பறவையின் குஞ்சைக் கூட்டில் வைத்தனர். அதற்குக் கிடைத்த இரை குறைவு. அருகே ஒலிபெருக்கியில் குயிற்குஞ்சின் குரலை ஒலிக்கவிட்டதும், பெற்றோர் கொணரும் இரை பெருகியது. கதிர்க்குருவிக் குஞ்சுகளின் கூட்டுக்குரலை ஒலிக்கச் செய்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது.

இதனை வெறும் வஞ்சகம் எனக் கூற என் மனம் ஒப்பவில்லை. குஞ்சின் பசி மெய்யானது. அது பெறும் இரையும் நான்கு கதிர்க்குருவிக் குஞ்சுகள் பெறும் அளவினதே. தலைக்கணக்கு ஒன்றுதான் பொய்.

ஜப்பானில் வாழும் ஒருவகைக் குயிலின் குஞ்சு இதே பொய்யைக் கண்ணுக்குக் காட்டுகிறது. அதன் சிறகின் அடியில், வாயின் உட்புறத்தை ஒத்த மஞ்சள் நிறத் திட்டு உண்டு. இரை வரும்போது சிறகை உயர்த்தி அசைக்கிறது. தனக்கா, யுவேதா ஆகிய ஆய்வாளர்கள் அத்திட்டைக் கறுப்பாக்கியபோது இரை குறைந்ததை 2005இல் வெளியிட்டனர். சிற்சில வேளைகளில் வளர்ப்புப் பறவை அத்திட்டிலேயே இரையை ஊட்ட முயல்வதும் உண்டு.