எட்டுப் பேரின் மூச்சு

1689-ஆம் ஆண்டு டிசம்பரில் புதுச்சேரியில் ழான் ரிஷோ என்ற யேசு சபைப் பாதிரியார் தொலைநோக்கியில் வால்மீன் ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். அதையொட்டித் தெரிந்த ஆல்ஃபா சென்டாரி ஒற்றை விண்மீன் அல்ல, இரட்டை என்பது அப்போது அவர் கண்ணில் பட்டது. மே, ஜூன் இரவுகளில் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே நம் ஊர்களிலிருந்தே பார்க்கக்கூடிய விண்மீன் அது. அந்தக் குடும்பத்தின் மூன்றாவது உறுப்பினரை 1915-இல் ஜோகனஸ்பர்கில் ராபர்ட் இன்னஸ் கண்டுபிடித்தார். வெறுங்கண்ணுக்கு எட்டாத மங்கலான சிவப்புக் குறுமீன். பெயர் பிராக்சிமா சென்டாரி. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் அதுதான்.

2016 ஆகஸ்டில் அதைச் சுற்றும் ஒரு கோளைப் பற்றி கிலெம் அங்லாடா எஸ்குடே தலைமையிலான குழு அறிவித்தது. கோளை யாரும் நேரில் பார்க்கவில்லை. அதன் ஈர்ப்பால் விண்மீன் 11.2 நாளுக்கு ஒருமுறை நம்மை நோக்கியும் விலகியும் அசைகிறது. அசையும் வேகம் ஒரு மனிதர் நடக்கிற வேகம்தான். சிலி நாட்டு மலையுச்சித் தொலைநோக்கி ஒன்று அந்த நடையை இவ்வளவு தொலைவிலிருந்து பிடித்துவிட்டது. இப்போதும் நினைத்தால் மெய்சிலிர்க்கிறது.

பிராக்சிமா பி என்ற அந்தக் கோளின் நிறை குறைந்தபட்சம் பூமியின் அளவாவது இருக்கும். தன் விண்மீனிலிருந்து சுமார் 75 லட்சம் கிலோமீட்டரில் சுற்றுகிறது. விண்மீன் மங்கல் என்பதால் அந்த நெருக்கத்திலும் தண்ணீர் திரவமாக நிற்க வாய்ப்புண்டு, காற்று மண்டலம் இருந்தால். ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டியபடி சுற்றக்கூடும் என்பதால் ஒரு பக்கம் என்றும் பகல், மறுபக்கம் என்றும் இரவாக இருக்கலாம். பிராக்சிமா அடிக்கடி பெரும் தீச்சுடர்களை வீசும் விண்மீன் வேறு. அவற்றைத் தாங்கிக் காற்று மிஞ்சியிருக்கிறதா என்பது இன்னும் தெரியவில்லை. 'இரண்டாவது பூமி' என்று தலைப்பிடுவதற்கு இது போதாது.

தொலைவு 4.24 ஒளியாண்டு, அதாவது சுமார் 40 லட்சம் கோடி கிலோமீட்டர். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 நொடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் இந்தத் தொலைவைக் கடக்க 75,000 ஆண்டுகள் ஆகும். மனிதர் செய்தவற்றில் மிக வேகமானது பார்க்கர் சூரிய ஆய்வுக்கலம். 2024 டிசம்பரில் நொடிக்கு 192 கிலோமீட்டரைத் தொட்டது. அதே வேகத்தில் போனாலும் 6,600 ஆண்டுகள். அந்த வேகமும் சூரியனை நோக்கி விழுந்ததால் கிடைத்தது. வெளியே போவதற்கு உதவாது.

வேகத்துக்கு விலை உண்டு. ஆயிரம் டன் கப்பலை ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுபோக, துளியும் வீணாகாமல் பார்த்துக்கொண்டாலும், உலகம் முழுவதும் நான்கு ஆண்டுகளில் உற்பத்தியாகும் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் வேண்டும். போய்ச் சேர்ந்து நிற்பதற்கு மறுபடியும் ஆற்றல். 1970-களில் பிரிட்டிஷ் கோளிடைச் சங்கம் வரைந்த டீடலஸ் திட்டத்தில் கப்பலின் எடை 54,000 டன், அதில் 50,000 டன் எரிபொருள். அதற்கான ஹீலியம் 3-ஐ வியாழன் கோளின் காற்றிலிருந்து எடுக்க வேண்டும். ஆளில்லாத அந்தக் கப்பலிலும் நிறுத்துவதற்கு வழி வைக்கவில்லை.

ஆளை மட்டுமல்ல, எஞ்சினையும் விட்டுவிட்டுப் போவோம் என்றது 2016 ஏப்ரலில் யூரி மில்னரும் ஸ்டீபன் ஹாக்கிங்கும் அறிவித்த ஸ்டார்ஷாட் திட்டம். சில கிராம் எடையுள்ள சில்லு, சில மீட்டர் அகலப் பாய், தரையிலிருந்து சில நிமிடங்கள் அதைத் தள்ளும் 100 ஜிகாவாட் லேசர். ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை எட்டினால் இருபது ஆண்டுகளில் பிராக்சிமா. ஆனால் பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தை ஆறரை நொடியில் தாண்டுகிற வேகம் அது. கோளை ஒரு கணம் படமெடுத்துக்கொண்டு கடந்து போகலாம், அவ்வளவே. அப்படிப்பட்ட லேசர் உலகில் எங்கும் இல்லை. இருந்தாலும், நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் நடக்கக்கூடியது என்று நான் நம்புகிற பயணம் இது ஒன்றுதான்.

மனிதர் போவதென்றால்? ஸ்ட்ராஸ்பர்க் வானியலாளர் ஃபிரடெரிக் மரேன் 2018-இல் ஒரு கணக்குப் போட்டார். 6,300 ஆண்டுப் பயணத்தில் உறவுக்குள் மணந்து வம்சம் நலியாமல் தலைமுறைகள் தொடர, குறைந்தது 98 பேர் கிளம்ப வேண்டும். இருநூறுக்கும் மேற்பட்ட தலைமுறைகள். நடுவில் பிறக்கிற பிள்ளைகள் பூமியையும் பார்க்க மாட்டார்கள், போகிற இடத்தையும் பார்க்க மாட்டார்கள். அவர்களைக் கேட்காமல் அவர்கள் வாழ்க்கையை எழுதிவைக்க நமக்கு என்ன உரிமை? இந்தக் கேள்விக்கு எனக்குச் சமாதானம் கிடைத்ததில்லை.

அதற்கும் முன்னால் ஒரு எளிய கேள்வி: அவர்கள் எதைச் சுவாசிப்பார்கள்?

அமெரிக்காவின் அரிசோனாவில் மூன்று ஏக்கர் கண்ணாடிக் கூடம் ஒன்று இருக்கிறது, பயோஸ்பியர் 2. உள்ளே சிறு மழைக்காடு, குட்டிக் கடல், வயல். 1991 செப்டம்பர் 26 அன்று நான்கு ஆண்களும் நான்கு பெண்களும் உள்ளே போய் இரண்டு ஆண்டுகளுக்குக் கதவை மூடிக்கொண்டார்கள். விளைச்சல் போதாமல் பசி. மகரந்தம் சுமக்கும் பூச்சிகள் செத்தன, எறும்பும் கரப்பானும் பெருகின. காற்றில் 20.9 சதவீதம் இருந்த ஆக்சிஜன் பதினாறு மாதத்தில் 14.5-க்கு இறங்கியது. நாலாயிரம் மீட்டருக்கு மேலான மலையில் மூச்சு வாங்குகிற நிலை. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று.

காரணம் தேடியபோது கிடைத்த விடையை நான் பெரும் பாடமாகவே நினைக்கிறேன். பயிர் செழிக்கட்டும் என்று மக்கு நிறைந்த மண்ணைப் போட்டிருந்தார்கள். மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விட்டன. அந்த வாயுவைச் செடிகள் எடுத்து ஆக்சிஜனாகத் திருப்பித் தந்திருக்க வேண்டும். ஆனால் அதில் பெரும்பகுதியைக் கூடத்தின் கான்கிரீட் சுவர்கள் உறிஞ்சிச் சுண்ணாம்புக் கல்லாக்கிவிட்டன. கணக்கில் யாரும் எழுதாத சுவர் எட்டுப் பேரின் மூச்சைக் குடித்தது. கதவைத் திறந்தால் அரிசோனா இருந்தது, ஆக்சிஜன் வந்தது. ஒளியாண்டுக் கணக்கில் விலகிப்போன கப்பலுக்கு எங்கிருந்து வரும்?

அன்று பத்திரிகைகள் அதைத் தோல்வி என்று கேலி செய்தன. எனக்கு அதில் உடன்பாடில்லை. விண்மீன் பயணத்தைப் பற்றி இதுவரை நடந்தவற்றில் மிகப் பயனுள்ள சோதனை அதுதான். ராக்கெட் பறப்பதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. மண், பாசி, கழிவுநீர் என்று உழைப்பவர்களைத் தேடி யாரும் போவதில்லை.

ஆனாலும் வேலை நடக்கிறது. பெய்ஜிங்கின் பெய்ஹாங் பல்கலைக்கழகத்தில் 2017 மே தொடங்கி 370 நாட்கள், எட்டு மாணவர்கள் நால்வர் நால்வராக முறைவைத்து, மூடிய ஆய்வுக்கூடத்தில் பயிரிட்டு நீரையும் காற்றையும் சுழற்றி வாழ்ந்தார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் மெலிசா திட்டம் 1989 முதல் இதே கேள்வியோடு இருக்கிறது. அதன் பார்சலோனா சோதனைக்கூடத்தில் விண்வெளி வீரர்களுக்குப் பதிலாக எலிகள் இருக்கின்றன. அவை விடும் கரியமில வாயுவை ஸ்பைருலினா பாசி எடுத்துக்கொள்கிறது. பாசி விடும் ஆக்சிஜனை எலிகள் சுவாசிக்கின்றன. பிராக்சிமாவுக்கு மனிதரை அனுப்பும் திட்டம் இன்று நிற்கிற இடம் அதுதான்.