ஆறு யார் சேலை, ஒரு யாரில்

"அத்தை, இது அப்பாயி மாதிரி இல்ல. சேலையில பூவே இல்ல."

நுவரெலியாவில் சுற்றுலாப் பயணிகளுக்காக அடுக்கி வைத்திருந்த கொழுந்து பறிக்கும் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அண்ணன் மகள் சொன்னாள். அவள் சொன்னது சரி. பொம்மைக்கு ஒரே நிறச் சாட்டின் துணியைச் சுற்றியிருந்தார்கள். என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் பெரட்டுக்குப் போன காலமெல்லாம் கட்டியது பொடிப்பூ போட்ட வொயில் சேலை. வீட்டிலேயே செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பஞ்சடைத்துப் பொம்மையைத் தைக்க இரண்டு நாள்தான் ஆனது. அதற்கேற்ற பூத்துணி கிடைக்க மூன்று மாதம் பிடித்தது.

எங்கள் ஊர் பட்டிப்பொல. அதன் புகையிரத நிலையம் 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நாட்டில் இதைவிட உயரத்தில் வேறு நிலையம் இல்லை. நல்ல துணி எடுக்க வேண்டுமென்றால் அம்பேவெல தாண்டி நானுஓயாவில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போகவேண்டும். அப்படிப் போய் முதலில் வாங்கி வந்தது ரோசாப்பூ போட்ட பொப்லின். கடையில் பார்த்தபோது சின்னப் பூவாகத்தான் தெரிந்தது. பொம்மைக்குச் சுற்றிப் பார்த்ததும் பக்கத்து லயத்தில் தைக்கிற அக்கா சொன்னார்: "என்ன தங்கச்சி, நெஞ்சுல ஒரு கோவா, வயித்துல ஒரு கோவாவுல்ல நிக்குது!"

கணக்குப் போட்டுப் பார்த்தால் அக்கா சொன்னது அப்படியே உண்மை. ஐந்தடிப் பெண் என்றால் 60 அங்குலம். என் பொம்மை 10 அங்குலம். ஆறில் ஒரு பங்கு. துணியில் ஓரங்குலப் பூ, பொம்மையின் உடம்பில் ஆறு அங்குலப் பூவாகிவிடும். அம்மாவின் சேலைப் பூ அரை அங்குலம் இருக்கும். அதே பூ பொம்மைக்கு 2 மில்லிமீற்றரில் வேண்டும், கிட்டத்தட்ட ஒரு கடுகு அளவு. ஆறு யார் சேலை ஒரு யாராகும். 45 அங்குல அகலம் ஏழரை அங்குலமாகும். பூ மட்டுமல்ல, துணியின் கனமும் குறையவேண்டும், அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தக் குளிர் ஊரில் பிள்ளைகளுக்கு வாங்கும் பிளனலில் அழகான பொடி உருவங்கள் உண்டு. ஆனால் அதில் கொசுவம் வைத்தால் மடிப்பு விழாது, அட்டைப் பெட்டி போல விறைத்து நிற்கும்.

கடைசியில் வழி காட்டியது நுவரெலியா பேல் பஜார். சுவெட்டருக்கும் ஜாக்கெட்டுக்கும் பேர் போன இடம். குவியலுக்குள் கையை விட்டால் உடுத்திப் பழசான மெல்லிய துணிகளும் வரும். யாருக்காவது இந்தத் தேட்டம் இருந்தால் சொல்கிறேன்: பொடிப்பூ துணிக்கடைச் சுருளில் குறைவு, தைத்த உடுப்பில் அதிகம். ஆண்களின் சேர்ட், கைக்குழந்தைச் சட்டை, தலைக்குக் கட்டும் ஸ்காப், லேஞ்சி. ஒரு அட்டையில் பொம்மையின் சட்டை அளவுக்கு ஓட்டை வெட்டிக்கொண்டு போங்கள். அதைத் துணிமேல் வைத்துப் பாருங்கள். ஓட்டைக்குள் பத்துப் பதினைந்து பூவாவது தெரிந்தால் எடுக்கலாம், இரண்டு மூன்றுதான் தெரிகிறது என்றால் விட்டுவிடலாம்.

எனக்குக் கிடைத்தது சிறுமி ஒருத்தியின் சுருக்கு வைத்த கவுன். கருநீலத்தில் வெள்ளைப் பொடிப்பூ. துவைத்துத் துவைத்துத் துணி மலராய் இருந்தது. பாவாடைத் தையலைப் பிரித்ததும் ஒரு யாருக்கும் மேலான நீளம் ஒட்டுப்போடாமல் கிடைத்தது. அடியோரத்தில் ஏற்கெனவே மடித்துத் தைத்திருந்த மெல்லிய கரையைச் சேலைக் கரையாக வைத்துக்கொண்டேன்.

இந்தப் பூத்துணியைத்தான் நம் பெரியவர்கள் சீத்தை என்பார்கள். சிங்களத்தில் சீத்த, ஒல்லாந்தர் மொழியில் சிட்ஸ், ஆங்கிலத்தில் சின்ட்ஸ். எல்லாவற்றுக்கும் வேர், புள்ளி தெளித்ததைக் குறிக்கும் ஒரு வட இந்தியச் சொல். சோழமண்டலக் கரையில் எழுதிச் சாயமேற்றிய அந்தத் துணிகளின் சிவப்பு, சாயவேரிலிருந்து வந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அந்த வேரைத் தோண்டுவித்து ஒல்லாந்தர் வருமானம் பார்த்தார்கள். ஐரோப்பாவில் இத்துணிக்கு இருந்த மோகத்தைக் கண்டு மிரண்ட பிரெஞ்சு அரசு 1686இல் அதைத் தடைசெய்தது. 1759 வரை அந்தத் தடை நீடித்தது. ஆனாலும் தென் பிரான்சில் அந்தப் பூ வேரூன்றிவிட்டது. அங்கே அதன் பெயரே 'இந்தியன்'. மார்சேய் நகரில் 1803 முதல் நத்தார் காலத்தில் களிமண் பொம்மைச் சந்தை கூடுகிறது. அந்த வட்டாரத்தில் மீன்காரி, விறகு சுமக்கும் கிழவி என்று ஊர் மக்களின் உருவில் செய்யும் பொம்மைகளில் ஒரு வகைக்கு நிசத் துணியிலேயே உடுத்துவார்கள். துணியில் இருப்பது இந்தியப் பூவின் வழிவந்த பொடிப்பூ. இதைப் படித்த நாளில் எனக்கு உண்டான சந்தோசம் கொஞ்சமல்ல. உழைக்கிற கிழவிக்கும் பூப்போட்ட துணி வேண்டும் என்று அங்கேயும் யாரோ நினைத்திருக்கிறார்கள்.

துணி கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. மதுரைச் சுங்குடியை நினைத்துக்கொள்ளுங்கள். சௌராட்டிரர்கள் துணியைக் கிள்ளி, நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் நனைத்து எடுக்கும் புள்ளிச் சேலை. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. பொம்மை அளவுக்கு முடிச்சுப் போட நம் விரலுக்கு வராது. நெருப்புக் குச்சியின் மருந்தில்லாத முனை கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர். அதைத் துணிப் பெயின்ரில் தொட்டு, பழைய மல் துணியில் வரிசையாக ஒற்றினால் போதும். காய்ந்ததும் மறுபக்கம் அயன் பண்ணவேண்டும். பொம்மையின் ஜாக்கெட் துணியை நான் அப்படித்தான் செய்தேன்.

கொசுவத்தைக் கஞ்சித் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு மடிப்புக்கும் குண்டூசி குத்தி வைத்தேன். பட்டிப்பொலக் குளிரில் அது காய இரண்டு நாள். மூன்றாம் நாள் அண்ணன் மகள் வந்து பார்த்தாள். பொம்மையின் கூடைக் கயிற்றை அதன் தலையில் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்:

"படங்கு கட்டாம மலைக்கு எப்புடி அத்தை போவாங்க?"

படங்கைக் கட்டினால் இடுப்புக்குக் கீழே ஒரு பூவும் தெரியாது. அம்மா அப்படித்தான் போனார். பழைய குடைத்துணியில் நாலங்குலம் வெட்டிக் கட்டிவிட்டேன்.