மூச்சை எண்ணத் தெரியுமா?

உங்கள் வீட்டில் ஒரு வயதிலோ இரண்டு வயதிலோ தம்பி, தங்கை இருக்கிறார்களா? அப்படியானால் ஜலதோஷம் உங்களுக்குப் பழக்கப்பட்ட விருந்தாளிதான். குட்டிக்கு மூக்கு ஒழுகும், தும்மல் வரும், லேசாக உடம்பு சுடும். ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ராத்திரியெல்லாம் சிணுங்கும்.

ஜலதோஷத்துக்குக் காரணம் வைரஸ். சளி பிடிக்கவைக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் அதிகம் தொல்லை தருவது ரைனோவைரஸ். இது நன்றாகப் பெருகுவது 33 டிகிரி செல்சியஸில். நம் உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி. வெளிக்காற்று போய்வருவதால் மூக்கின் உட்புறம் மட்டும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். அதனால் அங்கேயே அது குடியேறிவிடுகிறது.

பெரியவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு, மூன்று தடவை வரும் சளி, குட்டிகளுக்கு ஆறு, எட்டு தடவைகூட வரும். ஒரு வைரஸை ஒருமுறை சந்தித்த பிறகுதான் உடம்பு அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். குட்டிக்கோ எல்லா வைரஸும் புதுசு! தரையில் கிடக்கும் பொம்மையை எடுத்து வாயில் வைக்கும். அதே கையால் மூக்கையும் தேய்க்கும்.

முதலில் தண்ணீராக ஒழுகும் சளி, சில நாளில் கெட்டியாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். வைரஸை எதிர்க்க ரத்த வெள்ளணுக்கள் கூட்டமாக வருகின்றன. அவற்றுக்குள் இரும்புச்சத்து கொண்ட ஒரு நொதி இருக்கிறது. அதன் நிறம் பச்சை! ஆகவே, சளி பச்சையானதுமே ஆன்டிபயாடிக் தேட வேண்டியதில்லை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் ஒழிக்கும். வைரஸிடம் அதன் வேலை பலிக்காது.

பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் உடம்பே ஜலதோஷத்தைச் சரிசெய்துவிடும். இருமல் மட்டும் இன்னும் சில நாள் நீடிக்கலாம். அதுவரை குட்டிக்குத் தொல்லையைக் குறைப்பதுதான் வைத்தியம். மூக்கடைத்தால் பால் குடிக்கும்போது மூச்சு விட முடியாது. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டுகளை மூக்கில் விட்டால் சளி இளகும். பால், கஞ்சி, தண்ணீர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கலாம். காய்ச்சல் மருந்தை, குட்டியின் எடையைப் பார்த்து டாக்டர் சொன்ன அளவில் பெரியவர்கள் கொடுப்பார்கள்.

சில விஷயங்கள் கூடவே கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய அரசே அறிவுறுத்தியது. ஒரு வயது ஆகும்வரை தேன் வேண்டாம். கற்பூரம் எந்தக் குட்டிக்கும் ஆபத்து. கொதிக்கும் நீரில் ஆவி பிடித்தால், அது ஒரு நொடியில் கொட்டிச் சுட்டுவிடலாம்.

இப்போது உங்களுக்கான வேலை! ஜலதோஷத்தில் மூக்கைவிட மூச்சைத்தான் கவனிக்க வேண்டும். சளித் தொல்லை நுரையீரலுக்கு இறங்கினால், அது மூச்சில்தான் முதலில் தெரியும். குட்டி அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிடுங்கள். வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது வேகமான மூச்சு; டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், உதடு நீலமானாலும், குட்டி பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூன்று மாதம்கூட ஆகாத பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் குட்டியைத் தூக்குங்கள். பல நேரம் வைரஸ் வீட்டுக்குள் வருவது நம் கையோடுதான். மூச்சு எண்ணுவதை, குட்டி நன்றாக இருக்கும்போதே இன்றைக்கு ஒரு தடவை செய்து பாருங்கள். அது தூங்கும் நேரம் இதற்கு வசதி. வழக்கமான எண்ணிக்கை தெரிந்திருந்தால், அது மாறும்போது வீட்டில் முதலில் கண்டுபிடித்துச் சொல்பவர் நீங்களாகவே இருப்பீர்கள்.