தட்டில் எது பழக்கம், எது பற்றாக்குறை

சாப்பாட்டுக்கு முன் தட்டை போனில் ஒரு படம் எடுத்து வைப்பது, எடையைக் குறைக்க நினைக்கும் நகரத்தார் வேலை என்றே பலரும் எண்ணுகிறார்கள். அப்படி எண்ணக் காரணமும் உண்டு. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எடை குறைக்க முயன்ற சுமார் 1,700 பேரில், உண்டதைத் தினமும் குறித்து வைத்தவர்களுக்கு, குறிக்காதவர்களைப்போல் இரு மடங்கு எடை குறைந்தது. அதே ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லிடியா செபெடாவும் டேவிட் டீலும் 43 பேரை வைத்து எழுத்துக் குறிப்பையும் படக் குறிப்பையும் ஒப்பிட்டார்கள். எழுதுவது பெரும்பாலும் உண்டு முடித்த பிறகு. படமோ முதல் வாய்க்கு முன்பே எடுக்கப்படுகிறது. அந்த ஒரு நொடி, கையை நிறுத்தித் தட்டைப் பார்க்க வைக்கிறது. அப்படிப் பார்ப்பது இலங்கையின் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறிக்கும் குடும்பங்களுக்குத்தான் அதிகம் உதவும் என்பேன். ஏனென்றால் இங்கே தட்டில் இருப்பதைவிட இல்லாததே பெரிய செய்தி.

2016ஆம் ஆண்டு தேசிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7. இதைத் தட்டோடு வைத்துப் பாருங்கள். காலையில் தடித்த கோதுமை மா ரொட்டி, ஓரத்தில் சிவப்பாகக் கொஞ்சம் சம்பல், பக்கத்தில் சீனி போட்ட தேத்தண்ணி. மலைக்குக் கொண்டுபோவதும் அதே ரொட்டிதான். ஒரு வாரப் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் வெள்ளையும் பழுப்பும் மாறி மாறி வரும். பச்சை எத்தனை தடவை வந்தது, முட்டையோ நெத்தலியோ எந்த நாளில் வந்தது என்பதற்குக் கணக்குப் போடவே வேண்டாம். இன்னொன்றும் தெரியும்: தேத்தண்ணி வரும் நேரம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்வதால், சாப்பாட்டோடு குடிக்கும்போது உடம்பில் சேரும் இரும்பு பாதிக்கு மேல் குறைந்துவிடலாம். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கதிதான். கொழுந்தை ஊருக்கெல்லாம் பறித்துக் கொடுக்கும் பெண்ணுக்கே இரத்தச்சோகை வரும்போது, ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி குடிப்பதும், சம்பலில் தேசிக்காய் கூடுதலாகப் பிழிவதும் சின்ன விசயமல்ல. செலவும் அதிகமில்லை.

இதற்கு வரும் கடுமையான மறுப்பு நியாயமானது. தட்டைத் தீர்மானிப்பது கவனமா, சம்பளமா? நாட்சம்பளம் 1,000 ரூபாயாவதற்கே 2021 வரை காத்திருந்த மக்கள் இவர்கள். அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடியில் மா விலை ஏறி அந்த உயர்வை விழுங்கிவிட்டது. நுவரெலியாவில் விளையும் கரட்டும் லீக்ஸும் லொறியேறிக் கொழும்புக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் 'கவனித்துச் சாப்பிடுங்கள்' என்பது கொடுமைதான், அறிவுரை அதோடு நின்றுவிட்டால். ஆனால் படம் அறிவுரை சொல்வதில்லை. சம்பளம் கிடைத்த வாரத்துப் படங்களையும் அடுத்த சம்பளத்துக்கு முந்திய வாரத்துப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் மாறாமல் இருப்பது பெரும்பாலும் பழக்கம்: சோற்றோடு வரும் தேத்தண்ணி, லயத்துக்குப் பின்னால் வல்லாரை முளைத்திருந்தும் கீரையில்லாத தட்டு. முதல் வாரத்தில் இருந்து பின்னதில் காணாமல் போவது பற்றாக்குறை. பழக்கத்தை வீட்டில் மாற்றலாம். பற்றாக்குறைக்கு வீட்டைக் குற்றம் சொல்லக்கூடாது. அதைச் சம்பளம் பேசுகிறவர்கள் பார்க்க வேண்டும்.

படத்துக்குத் தெரியாததும் உண்டு. கோப்பையில் கரைந்த சீனி அதில் விழாது. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் 40 கிராம்; உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது. ஆகவே கோப்பையை அல்ல, கலக்குவதற்கு முன் கரண்டியைப் படமெடுக்க வேண்டும். வேலை மலையில் போன் இல்லை, அது மகனிடம் இருக்கிறது என்பார்கள். அப்படியானால் இராச்சாப்பாடு ஒன்று போதும். ஆனால் வீட்டிலுள்ள எல்லாருடைய தட்டையும் எடுக்க வேண்டும், பரிமாறிய வரிசையிலேயே: பிள்ளைகள், கணவர், மாமியார், கடைசியில் சட்டியை வழித்துப் போட்ட அம்மாவின் தட்டு.