வலி நின்றால் நோய் நின்றதா?

பல்வலி பெரும்பாலும் இரவில்தான் உச்சத்தை எட்டுகிறது. படுக்கும்போது தலைக்கு ரத்த ஓட்டம் கூடி, பல்லின் உள்ளிருக்கும் கூழில் அழுத்தம் மிகுவதே காரணம். எனவே, தலையணையை உயர்த்திப் படுப்பது முதல் நிவாரணம்.

ஒரு குவளை வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, பொறுக்கும் சூட்டில் கொப்பளிக்கலாம். கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜினால் வலியைச் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும். பஞ்சில் ஒரு துளி போதும், மிகுந்தால் ஈறு புண்ணாகும். கன்னத்தின் மேல் குளிர் ஒத்தடம் கொடுக்கலாம். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லிடுக்கில் அடக்கிக்கொள்வது கூடாது. அது ஈறைப் பொசுக்கிவிடும்.

இவை வாங்கித் தருவது அவகாசம் மட்டுமே. கடும் வலி தானாக அடங்கினால் நோய் தீர்ந்தது என மகிழ்கிறோம். உண்மையில், பல்லின் நரம்பு செத்து, தொற்று வேர் வழியே எலும்பை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கலாம். ஒத்திவைத்த செலவு வட்டியோடு திரும்பும் என்பது பொருளாதாரத்துக்கு மட்டுமான விதியன்று. சொத்தையை அடைப்பதோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, வேர் சிகிச்சை, செயற்கைப் பல் என வளர்வது இவ்வாறுதான்.

முகவீக்கம், காய்ச்சல், விழுங்குவதில் சிரமம் ஆகியவை தோன்றினால் விடியும்வரைகூடக் காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.