மலையகச் சிறுமியின் உயரக் குறைவும் எக்ஸ் நிறமூர்த்தமும்

மலையகப் பெருந்தோட்ட மக்களின் உடல்நலம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் போசாக்கின்மையையே மையமாகக் கொண்டுள்ளன. அதற்கு நியாயம் உண்டு. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய நிலையில் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டத்துறையில் 32 சதவீதம். ஆயின், மூவரில் ஒருவர் கட்டையாக இருக்குமிடத்தில், வேறொரு காரணத்தால் வளராத பிள்ளை எவர் கண்ணிலும் படுவதில்லை. அத்தகைய காரணங்களுள் ஒன்றான டேர்னர் கூட்டறிகுறியையும் அதனைத் தொடரும் நிர்ப்பீடனக் கோளாறுகளையும் இங்கு நோக்குவோம்.

1938இல் ஹென்றி டேர்னர் விவரித்த இந்நிலையின் காரணம் 1959இல் தெளிவாயிற்று. பெண்ணுக்குரிய இரு எக்ஸ் நிறமூர்த்தங்களுள் ஒன்று முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாமையே அது. பெண் குழந்தைகள் 2,000 முதல் 2,500 வரை பிறந்தால் ஒருவருக்கு இது காணப்படும். உயரக் குறைவும் சூலகம் தொழிற்படாமையும் இதன் முதன்மை அடையாளங்கள்.

பெண்ணின் ஒவ்வொரு கலத்திலும் ஓர் எக்ஸ் ஒடுங்கிவிடுகிறது என்பதை 1961இல் மேரி லையன் எடுத்துரைத்தார். அவ்வாறாயின், அந்த எக்ஸ் இல்லாதுபோவதால் என்ன நட்டம்? ஒடுங்கிய எக்ஸிலும் ஏறத்தாழ 15 சதவீதமான பரம்பரை அலகுகள் தொழிற்படுகின்றன என்பதே விடை. எலும்பு வளர்ச்சிக்குரிய ‘ஷொக்ஸ்’ அவற்றுள் ஒன்று. வைரசுகளை இனங்காணும் ‘ரி.எல்.ஆர். 7’ என்னும் நிர்ப்பீடன அலகும் சில குருதிக் கலங்களில் இவ்வாறு ஒடுங்காதிருக்கிறது.

இந்த அளவு வேறுபாட்டின் விளைவை நோய்களில் காணலாம். மேலதிக எக்ஸ் கொண்ட கிளைன்ஃபெல்ற்றர் ஆண்களிடம் லூப்பசு நோய் ஏனைய ஆண்களைவிட ஏறத்தாழ 14 மடங்கு மிகுதி என 2008இல் கணிக்கப்பட்டது. டேர்னர் பெண்களிடம் அந்நோய் அரிது. எனினும் ஓர் எக்ஸ் அவர்களைக் காப்பதில்லை. 798 டேனிசுப் பெண்களை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், உடல் தன்னையே தாக்கும் நோய்கள் இரு மடங்காகவும், அவற்றுள் ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுபவை ஏறத்தாழ நான்கு மடங்காகவும் இருந்தன. தைரொயிட்டு அழற்சி, முதலாம் வகை நீரிழிவு, கோதுமைப் புரதத்தால் நேரும் குடல் அழற்சி என்பன இவற்றுட் குறிப்பிடத்தக்கவை.

எக்ஸ் குறைவுடைய எல்லோரும் ஏன் நோயுறுவதில்லை? பிற நிறமூர்த்தங்களிலுள்ள நிர்ப்பீடன அலகுகளின் வேறுபாடும் இதில் பங்குகொள்ளலாம். ‘பி.ரி.பி.என். 22’ அலகின் ஒரு திரிபு டேர்னர் பெண்களின் தைரொயிட்டு நோயோடு தொடர்புறுவதாகப் பிறேசில் ஆய்வொன்று கூறிற்று. ஐரோப்பிய மரபினரிடம் பரவலான அத்திரிபு ஆசிய மக்களிடம் அரிது. ஆகவே அங்கு கண்ட முடிபை ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ அவ்வாறே பொருத்துதல் தகாது. நம் மக்களின் குருதியும் ஆராயப்படல் வேண்டும்.

ஆய்வு வரும்வரை செய்யக்கூடியதும் உண்டு. போசாக்கின்மை பெரும்பாலும் ஒரே லயத்து உடன்பிறப்புகள் அனைவரையும் தாக்கும். தன் சகோதரிகளைவிட மிகக் கட்டையான சிறுமி, பிறந்தபோது கைகால் வீங்கியிருந்தவள், பதின்மூன்று வயதாகியும் பருவமாற்றம் தொடங்காதவள் ஆகியோருக்கு நிறமூர்த்தப் பரிசோதனை தேவை. எலும்பு முனைகள் மூடுமுன் வளர்ச்சி ஓமோன் கொடுத்தாற்றான் பயன் உண்டு. பின்னரும் தைரொயிட்டு, குருதி வெல்லம் என்பவற்றை ஆண்டுதோறும் பார்த்தல் வேண்டும்.

தவறினால், தைரொயிட்டு குன்றிய பெண்ணின் தளர்ச்சி இரத்தச் சோகையாகவோ சோம்பலாகவோ கணிக்கப்படும். கொழுந்தின் நிறைக்கேற்பக் கூலி தீர்மானிக்கப்படுமிடத்தில் அது வருமான இழப்பாகும். பிள்ளைப்பேறின்மைக்கு ‘மலடி’ என்னும் பழியும் சேரும். வறுமை உடலைக் குறுக்குகிறது என்பது உண்மை. அவ்வுண்மை பிற நோய்களை மறைக்கும் திரையாகிவிடுவது வறுமையின் இன்னொரு கொடுமை.