வீட்டில் பொருத்தும் கார்: எதைத் தெரிவு செய்வது?

யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாதிருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். 1990 இல் போர் மீண்டும் தொடங்கிய பின் வடக்கிற்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. அந்த ஆண்டுகளில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். ஒரு பாகம் பழுதானால் கடையில் வாங்க வழியில்லை. ஓடாமல் கிடந்த இன்னொரு வண்டியில் இருந்து கழற்றித்தான் பூட்டினார்கள்.

இந்த வேலையைப் பிரித்தானியாவில் பலர் விரும்பிச் செய்கிறார்கள். பாகங்களை ஒரு தொகுதியாக வாங்கி, பழைய கார் ஒன்றின் எஞ்சினையும் அச்சையும் அதில் சேர்த்து, வீட்டுக் கராஜில் ஒரு காரைப் பொருத்தி எடுக்கிறார்கள். இதற்குக் கிற் கார் என்று பெயர். நம் உறவினர் பலர் இன்று அந்நாட்டில் வாழ்வதால் இந்தச் சொல் சில வாசகர்களின் காதிலும் விழுந்திருக்கலாம். கார் கட்டும் எண்ணம் இல்லாதவருக்கும் இதை அறிவதால் பயன் உண்டு. சிறு பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பெரிய பொருள் ஒன்றைப் பகுதி பகுதியாகச் சேர்க்கத் தொடங்குபவர் எங்கே தவறுகிறார் என்பதை இத்தொழில் தெளிவாகக் காட்டுகிறது.

வரியில் பிறந்த கார்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் முழுமையாகப் பொருத்தி விற்கும் புதிய காருக்குக் கொள்வனவு வரி என்ற பெரிய வரி இருந்தது. அதே காரைப் பாகங்களாக வாங்கி வீட்டில் பொருத்தினால் அந்த வரி இல்லை. இந்த இடைவெளியைப் பயன்படுத்திய நிறுவனங்களுள் பெயர் பெற்றது கொலின் சப்மனின் லோட்டஸ் நிறுவனம். 1957 இல் அது லோட்டஸ் செவன் என்ற இரண்டு இருக்கைச் சிறு காரை வெளியிட்டது. இரும்புக் குழாய்களால் ஆன சட்டம், மெல்லிய அலுமினியத் தகடு, ஒரு சிறு எஞ்சின் என்பவற்றைத் தவிர அதில் அதிகம் எதுவும் இல்லை. நிறை ஏறத்தாழ அரைத் தொன்தான். சில செவன் கார்களில் இருந்தது 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின். நம் ஊரில் ஓடிய மொறிஸ் மைனர் 1000 காரின் எஞ்சினும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

1973 இல் கொள்வனவு வரி நீங்கி, பெறுமதி சேர்க்கப்பட்ட வரி வந்தது. அது பாகத் தொகுதிகளுக்கும் விதிக்கப்பட்டதால் பழைய இலாபம் போய்விட்டது. அதே ஆண்டில் செவன் காரைச் செய்யும் உரிமையை லோட்டஸ் நிறுவனம் கேற்றர்ஹாம் நிறுவனத்துக்கு விற்றது. ஆனாலும் வீட்டில் கார் பொருத்தும் பழக்கம் அழியவில்லை. வரியை மிச்சப்படுத்தத் தொடங்கிய வேலையைப் பின்னர் வந்தவர்கள் தம் கைவேலையின் மீதுள்ள விருப்பத்தால் தொடர்ந்தார்கள்.

250 பவுண் கார்

1996 இல் ரொன் சம்பியன் என்ற ஆசிரியர் ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவருக்குத் தொழிற்கல்வி கற்பித்தவர் அவர். 250 பவுண் செலவிலேயே விளையாட்டுக் கார் ஒன்றைக் கட்டலாம் என்று அந்நூலின் தலைப்பே கூறியது. அதில் உள்ள கார் செவன் காரின் சாயலை உடையது. 25 மில்லிமீற்றர் சதுர இரும்புக் குழாயை அளந்து வெட்டி, வெல்டிங் செய்து, சட்டத்தை நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். மற்ற முக்கிய பாகங்கள் பெரும்பாலும் ஒரு பழைய போர்ட் எஸ்கோட் காரில் இருந்து வரும். எஞ்சின், கியர்பொக்ஸ், பின் அச்சு, ஸ்ரியறிங், பிறேக், வயர் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இப்படிப் பாகம் கொடுக்கும் பழைய வண்டியைக் கொடை வண்டி எனலாம். 250 பவுண் கணக்கின் இரகசியம் இதில்தான் இருந்தது. பிரித்தானியாவில் மூன்று ஆண்டு கடந்த பெரும்பாலான கார்கள் ஆண்டுதோறும் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். உடம்பில் கறள் ஏறிய கார் அதில் தவறும். கறளை வெட்டித் திருத்தும் கூலி காரின் விலையை மிஞ்சினால் சொந்தக்காரர் அதை மலிவாகத் தள்ளிவிடுவார். ஆனால் உள்ளே எஞ்சினும் கியர்பொக்ஸும் நன்றாக இருக்கும். சம்பியன் எழுதிய காலத்தில் அப்படிப்பட்ட எஸ்கோட் கார்கள் மூலைக்கு மூலை கிடந்தன.

இன்று நிலைமை வேறு. பழைய எஸ்கோட் காரைச் சேகரிப்பவர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதை வாங்கிப் பிரித்தால் நட்டம். கிறிஸ் கிப்ஸ் என்பவர் போர்ட் சியெரா காரைக் கொடை வண்டியாகக் கொண்டு இன்னொரு நூல் எழுதினார். பின்னர் சியெராவும் அரிதாகி வர, 1989 இல் வெளிவந்த மஸ்டா எம்.எக்ஸ்.5 அந்த இடத்தைப் பிடித்தது. அதன் கதவுக்குக் கீழுள்ள பகுதியில் கறள் பிடிக்கும். ஆனால் எஞ்சின் நீண்ட காலம் உழைக்கும்.

ஆகவே முதற் பாடம் இது. எந்தக் கிற் அழகானது என்று தொடங்கக் கூடாது. எந்தப் பழைய வண்டி இன்று நம் பகுதியில் மலிவாகவும் முழுமையாகவும் கிடைக்கிறது என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் கிற்றைத் தேட வேண்டும். கொடை வண்டியைப் பிரிப்பதற்கு முன் ஓட்டிப் பார்ப்பதும் அவசியம். கழற்றிக் குவித்த பிறகு எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடிப்பது கடினம்.

மூன்று வழிகள்

முதலாவது, முழுத் தொகுதி. எல்லாப் பாகங்களும் புதிதாக, துளையிட்டு, பெட்டிகளில் வரும். வெல்டிங் தேவையில்லை. ஏறத்தாழ நூறு மணி நேர வேலையில் முடிக்கலாம். ஆனால் விலை மிக அதிகம்.

இரண்டாவது, அரைத் தொகுதி. சட்டமும் மேலுடம்பும் நிறுவனத்திடம் வாங்கி, மற்றவற்றைக் கொடை வண்டியில் இருந்து எடுப்பது. மேலுடம்பு பெரும்பாலும் கண்ணாடி இழையால் ஆனது. நம் கரையோரத்தில் மீன்பிடிப் படகு செய்யும் பொருளும் அதுதான். பணம் குறைந்தவர் அதிகம் தெரிவு செய்வது இவ்வழியையே.

மூன்றாவது, எல்லாவற்றையும் தானே செய்வது. பணச் செலவு மிகக் குறைவு, நேரச் செலவு மிக அதிகம். பல நூறு மணி நேரம் போகும். மாலையிலும் வார இறுதியிலும் மட்டும் வேலை செய்பவருக்கு அது பல ஆண்டுகள்.

பணம், நேரம், கைத்திறன் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் கூட வேண்டும். வெல்டிங் தெரியாதவர் சட்டத்தில் கைவைப்பது ஆபத்து. ஓடும் வண்டியில் ஓர் ஒட்டு விட்டால் உயிர் போகும். அப்படிப்பட்டவர் சட்டத்தைச் செய்வித்து வாங்குவதே மலிவு.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மலிவான கிற் ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் அதே வகையில் கட்டி முடித்து ஓடும் கார் ஒன்றைப் போய்ப் பார்க்க வேண்டும். அதில் ஏறி இருந்து பார்க்க வேண்டும். செவன் போன்ற கார்களில் கால் வைக்கும் இடம் மிக ஒடுக்கம். உயரமானவருக்கும் பெரிய பாதம் உள்ளவருக்கும் அது பொருந்தாமல் போகலாம். கட்டியவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எந்தப் பாகம் பொருந்தாமல் கஷ்டம் தந்தது? மொத்தம் எவ்வளவு செலவானது?

சட்டத்தைப் பார்க்கும்போது ஒட்டுகள் சீராக, இடைவெளி இல்லாமல் இருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். வீட்டுக்கு அத்திவாரம் போடும்போது மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளப்போம் அல்லவா? சட்டத்தையும் அவ்வாறே அளக்கலாம். இரண்டு மூலைவிட்டமும் ஒத்து வராவிட்டால் வண்டி நேராக ஓடாது, ரயரும் ஒரு பக்கம் தேயும்.

அடுத்தது பாகப் பட்டியல். மலிவான தொகுதி மலிவாக இருப்பதற்குக் காரணம் அதில் இல்லாத பாகங்களே. சில்லு, ரயர், றேடியேற்றர், புகைக்குழாய், இருக்கை, விளக்கு, மானிகள், வயர், வர்ணம், ஆயிரம் சிறு ஆணிகள் யாவும் பின்னர் தனித்தனியே வாங்க வேண்டியவை. இவற்றை ஒரு தாளில் எழுதி, விலை போட்டு, கிற் விலையோடு கூட்டிய பின்பே இரண்டு கிற்றுகளை ஒப்பிட வேண்டும். முதலில் மலிவாகத் தோன்றியது கடைசியில் விலை கூடியதாக முடிவது வழக்கம்.

சில பாகங்களில் சிக்கனம் பார்க்கவே கூடாது. பிறேக் குழாய், பிறேக் ரப்பர்கள், இருக்கைப் பட்டி, ரயர் ஆகியவை புதிதாகவே இருக்க வேண்டும்.

பத்திரம் இல்லாத கார் வீதிக்கு வராது

கட்டி முடித்தாலும் காரை உடனே வீதியில் ஓட்ட முடியாது. 1998 முதல் பிரித்தானியாவில் இத்தகைய கார் ஒவ்வொன்றும் தனித்தனியே அரசின் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி வந்தது. 2009 முதல் அச்சோதனை மேலும் கடுமையானது. பிறேக், ஸ்ரியறிங், விளக்கு, புகை, சத்தம் யாவும் பார்க்கப்படும். வீதியில் போகிறவரின் உடம்பில் படக்கூடிய வெளிவிளிம்புகளும் உருட்டப்பட்டிருக்க வேண்டும். அதன் அளவு 2.5 மில்லிமீற்றர் ஆரம். நன்றாக ஓடும் கார்கூட ஒரு கூரான ஆணித் தலையால் தவறலாம்.

அடுத்தது பதிவு இலக்கம். பாகங்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் காட்டும் பற்றுச்சீட்டுகள் வேண்டும். முக்கிய பாகங்கள் ஒரே கொடை வண்டியில் இருந்து வந்தவை என்று நிறுவினால் அந்த வண்டியின் வயதுக்கு ஏற்ற இலக்கம் கிடைக்கும். பல வண்டிகளில் இருந்து சேர்த்ததாயின், வயது உறுதியில்லாத வண்டி என்பதைக் காட்டும் ‘கியூ’ எழுத்து இலக்கமே பெரும்பாலும் கிடைக்கும். அனுபவசாலிகள் முதல் நாளில் இருந்தே ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் ஒரு கோப்பில் போட்டு, வேலையைப் படமும் எடுத்து வைப்பார்கள். பத்திரங்களைத் தொலைத்துவிட்டு அலுவலக வாசல்களில் நின்ற நமக்கு இதன் அருமை தெரியும்.

இது பிரித்தானியச் சட்டம் என்பதை மறக்கக் கூடாது. அங்கே முடிவது இங்கேயும் முடியும் என்று எண்ணி யாரும் பணம் போட வேண்டாம். நம் நாட்டில் ஒரு வண்டியின் உருவத்தையோ எஞ்சினையோ மாற்ற நினைப்பவர் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டறிய வேண்டும்.

பாதியில் நிற்கும் கார்

பிரித்தானியாவில் கிற் கார் விற்பனை விளம்பரங்களைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். கட்டி முடிக்காத கார்கள் ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன. சட்டம் நிற்கும், எஞ்சின் பெட்டியில் இருக்கும், சொந்தக்காரர் களைத்துப் போயிருப்பார். குழந்தை பிறந்திருக்கும், வேலை போயிருக்கும், அல்லது கிற் வாங்கியதோடு பணம் முடிந்திருக்கும். போட்ட பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பக் கிடைக்கும்.

அப்படிப்பட்ட காரை வாங்குபவருக்கு இலாபம் இருக்கலாம். ஆனால் பாகங்கள் எல்லாம் உண்டா, பற்றுச்சீட்டுகள் உண்டா, சட்டம் யார் ஒட்டியது என்று அறியாமல் வாங்கினால், முதலாமவரின் சுமை இரண்டாமவரின் தலைக்கு மாறும்.

இதனால் அங்குள்ள அனுபவசாலிகள் தரும் புத்தி எளிமையானது. முடிக்கக் கூடியதைத் தொடங்கு. கராஜ் சிறிதாயின் சிறு கார். வெல்டிங் தெரியாவிட்டால் ஆயத்தச் சட்டம். மாதம் ஒரு சிறு தொகைதான் மிஞ்சும் என்றால், அத்தொகைக்கு வாங்கக்கூடிய பாகம் எது, அது எந்த ஒழுங்கில் வேண்டும் என்ற திட்டம்.

நமக்கு

கையில் பணம் வந்ததும் பெரிய பொருளின் முதற் பாகத்தை வாங்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. நீர் இறைக்கும் இயந்திரம், இருசில்லு உழவு இயந்திரம், திரும்பிப் போன காணியில் தொடங்கும் வீடு எதுவாயினும் இது பொருந்தும். சுவர் எழுந்து கூரை இல்லாமல் நிற்கும் வீடுகள் நம் கிராமங்களில் எத்தனை! தொடங்குமுன் குடும்பமாக இருந்து இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.

1. இதற்கு வேண்டிய உதிரிப் பாகம் நம் பகுதியில் இன்று கிடைக்கிறதா?

2. விலையில் சேராத செலவுகள் எவை? அவற்றையும் கூட்டினால் மொத்தம் எவ்வளவு?

3. வேலையில் எந்தப் பகுதி நமக்குத் தெரியும்? எதற்குக் கூலி கொடுக்க வேண்டும்?

4. பத்திரங்கள் யார் பெயரில், எங்கே இருக்கின்றன?

5. நடுவில் ஆறு மாதம் பணம் வராவிட்டால் வேலை எந்த நிலையில் நிற்கும்? அந்த நிலையிலும் அது கெடாமல் இருக்குமா?

ஐந்துக்கும் விடை இருந்தால் தொடங்கலாம். ஒன்றுக்கு விடை இல்லையென்றால் சற்றுப் பொறுத்து அதைத் தேடுங்கள். பொறுப்பதால் போகும் பணத்தைவிட, பாதியில் விடுவதால் போகும் பணம் அதிகம்.